கடல் என்ஜின் கார்புரேட்டர்: பெட்ரோல் வழிதல், ஆவி, தீ அபாயம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகின் வயிற்றுக்குள், மூடிய அறையில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் என்ஜின்களைப் பற்றியது இந்தப் பக்கம். மெர்க்ரூசர், வால்வோ பென்டா, ஓஎம்சி போன்ற பெயர்களில் வந்த, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த இன்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் (என்ஜின் உள்ளே, ஓட்டும் பகுதி படகின் பின்புறம் வெளியே) என்ஜின்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் படகுகளுக்காகச் செய்யப்பட்டவை என்பதால் இங்கே வரும் விதிகளும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிகள்தான். அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் என்ஜின்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் இருக்கிறது. டீசல் என்ஜினுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது.

என்ஜின் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இப்போது என்ன செய்வது?

எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். சாவியைத் திருப்பாதீர்கள், விளக்கைப் போடாதீர்கள், பில்ஜ் பம்பை (அடிப்பள்ளத்துத் தண்ணீரை இறைப்பது) ஓட்டாதீர்கள். படகில் இருப்பவர்களைக் கரையில் இறக்குங்கள். எல்லா மூடிகளையும் திறந்து காற்று தானாக வரவிடுங்கள். டேங்க் வால்வை மூடுங்கள். கரண்ட் கம்பி மூலம் கரையிலிருந்து மின்சாரம் வருகிறதென்றால் அதைக் கரைப்பக்கத்தில் நிறுத்துங்கள், படகுப்பக்கத்தில் பிடுங்க வேண்டாம்.

படகின் அடிப்பள்ளத்தில் பெட்ரோல் திரவமாகவே தேங்கியிருந்தால் எண்ணெய் உறிஞ்சும் பட்டைகளால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது வெடிப்பை நாமே வரவழைப்பது. அதன் மோட்டாரில் தீப்பொறி பறக்கும், உள்ளே இழுபடுவதோ பெட்ரோல் ஆவி. வாடை முழுவதும் போய், கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை. “லேசான வாடைதானே” என்று ஓட்டிப் பார்ப்பதை நாங்கள் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

காரில் ஓடும் அதே பிளாக்தானே? படகில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

பிளாக் அதேதான். ஜெனரல் மோட்டார்ஸின் 5.7 லிட்டர் வி8 காரிலும் ஓடியது, படகிலும் ஓடுகிறது. வித்தியாசம் என்ஜினுக்குக் கீழே இருக்கிறது. காரில் சொட்டும் பெட்ரோல் ரோட்டில் விழுந்து காற்றோடு போய்விடும். படகுக்கு அடியில் ஓட்டை கிடையாது. சொட்டியது அடிப்பள்ளத்தில் தங்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனம். மேலே எழும்பிப் போகாமல் தண்ணீர் போல் வழிந்து தாழ்ந்த இடத்தில் படுத்துக்கொள்ளும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பெட்ரோலின் பற்றும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டியது. அதனால் எந்தக் கடலிலும், எந்தப் பருவத்திலும் அது பற்றத் தயாரான ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பெட்ரோல் முழுதும் ஆவியானால் சுமார் 35 லிட்டர் ஆவி. அது காற்றில் 1.4 சதவீதமாகப் பரவினால் இரண்டரை கன மீட்டர் இடத்தை வெடிக்கும் கலவையாக்கும். பல சிறிய படகுகளின் என்ஜின் அறை அதைவிடச் சிறியது.

கார்புரேட்டர் கிண்ணத்துக்கு ஏன் காற்றுத் துளை வைக்கிறார்கள்? அதை அடைத்துவிட்டால் ஆவி வராதே?

அடைக்கவே கூடாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் இடம்தான் கிண்ணம். அதில் இருக்கும் பெட்ரோலின் மேல் காற்றழுத்தம் இருப்பதால்தான் வெஞ்சூரியின் (காற்று ஓடும் தொண்டையின் குறுகிய இடம்) இழுப்புக்கு அது அளவாக ஏறுகிறது. துளையை அடைத்தால் கிண்ணத்தின் அழுத்தம் தாறுமாறாகி, கலவை கெடும். சூடான என்ஜினை நிறுத்தியதும் நிலைமை இன்னும் மோசம்: கிண்ணத்தில் எழும் ஆவிக்கு வெளியேற வழியில்லாமல் அது பெட்ரோலை ஜெட் (அளவுத் துளை) வழியாகத் தொண்டைக்குள் தள்ளும்.

துளை இருக்க வேண்டும். அது எங்கே திறக்கிறது என்பதில்தான் காருக்கும் படகுக்கும் வேறுபாடு.

அப்படியானால் மரைன் கார்புரேட்டரில் என்னதான் மாறியிருக்கிறது?

முதலில் அந்தக் காற்றுத் துளையின் குழாய் (வென்ட்). கார் கார்புரேட்டரில் வென்ட் வெளியே திறக்கலாம், அல்லது கரி டப்பாவுக்குப் போகலாம். மரைன் கார்புரேட்டரில் குழாயின் வாய் தொண்டைப் பக்கமாக வளைந்திருக்கும். கிண்ணம் நிரம்பி வழிந்தாலும் பெட்ரோல் என்ஜினுக்குள்தான் விழும், வெளியே மேனிஃபோல்டின் மேல் வழியாது. வழிந்த பெட்ரோலால் என்ஜின் திணறி நின்றுபோகும். அப்படி நிற்பது நல்லதுதான். பழுது இருப்பதை அது சொல்லிவிடுகிறது.

அடுத்தது திராட்டில் ஷாஃப்ட் (காற்றை அளக்கும் தகட்டைத் திருப்பும் தண்டு). அது கார்புரேட்டர் உடம்பைத் துளைத்து வெளியே வரும் இரு முனைகளிலும், தேங்கிய பெட்ரோல் வெளியே கசியாமல் தொண்டைக்கே திரும்பும்படி பள்ளமோ சீலோ அமைத்திருப்பார்கள். கேஸ்கெட்டுகளும் அதே நோக்கத்தில் மாறியிருக்கும்.

அமெரிக்க விதி இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. மிதவை வால்வு (கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு) முழுதும் திறந்து கிடக்க, திராட்டில் பாதி திறந்திருக்க, என்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாமல் சுழற்ற வேண்டும், அல்லது பம்பை அதன் உச்ச அழுத்தத்தில் ஓட்ட வேண்டும். அந்த நிலையில் 30 வினாடியில் 5 மில்லிக்கு மேல் பெட்ரோல் வெளியே கசியக் கூடாது. ஒரு டீஸ்பூன்தான். காற்றைக் கீழிருந்தோ பக்கவாட்டிலோ இழுக்கும் கார்புரேட்டர்களுக்குக் கூடுதலாக இன்னொன்று உண்டு: வழியும் பெட்ரோலைப் பிடித்து வைத்து, பேக்ஃபயர் (தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடிப்பது) அதிர்ச்சியில் வெளியே தெறிக்கவிடாமல், ஸ்டார்ட் ஆனதும் என்ஜினுக்கே திருப்பிக் கொடுக்கும் ஓர் அமைப்பு வேண்டும்.

கார் கார்புரேட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நான்கு போல்ட்டும் சரியாகப் பொருந்துகிறது. மாட்டலாமா?

வேண்டாம். மாட்டினால் ஓடும்; பல மாதம் நன்றாகவே ஓடும், அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீடில் வால்வில் ஒரு துகள் சிக்கும் நாளன்று பெட்ரோல் வெளியே வழிந்து, சூடான மேனிஃபோல்டிலும் பள்ளத்திலும் விழும். மரைன் வகையில் அதே பழுது வந்தால் என்ஜின் கறுப்புப் புகை விட்டு நிற்கும், அவ்வளவுதான். எடல்பிராக் வாங்குவதானால் 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) அளவில் 1409, 750 அளவில் 1410 ஆகியவை மரைன் எண்கள். ஹோலியிலும் மரைன் வரிசை தனியாக உண்டு. பெட்டியில் ‘மரைன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், பழைய சரக்கு வாங்கும்போது வென்ட் குழாய் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்டிரிபியூட்டர் மூன்றுக்கும் இதே பேச்சுதான். மரைன் உருப்படி உள்ளே பொறி பறந்தாலும் வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி மூடப்பட்டோ வலையிட்டோ இருக்கும். ‘ஜே1171’ என்ற குறி அதற்கு அடையாளம். கார்புரேட்டர் கசிவும் கார் ஆல்டர்னேட்டரும் ஒரே படகில் சேர்ந்தால் மிச்சம் வைக்காது.

கார்புரேட்டர் அடிக்கடி வழிகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

புளோவரை (என்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறி) 4 நிமிடம் ஓட்டி நிறுத்தி, வாடையில்லை என்று உறுதி செய்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அழுத்தத்தை அளப்பது முதல் வேலை. மெர்க்ரூசர் போன்ற என்ஜின்களில் மெக்கானிக்கல் பம்ப் 3 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) தர வேண்டும். கார் ஃபியூயல் இன்ஜெக்ஷன் பம்பை யாரோ மாட்டிவைத்து 40 பிஎஸ்ஐ தள்ளினால் எந்த நீடிலும் தாங்காது.

அழுத்தம் சரியென்றால் கிண்ணத்தைத் திறக்க வேண்டும். நீடிலின் ரப்பர் நுனியில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் நீடிலையும் அதன் இருக்கையையும் சேர்த்தே மாற்றுங்கள்; ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்குவது கேட்கும். சந்தேகமிருந்தால் சுடுநீரில் அமுக்குங்கள், ஓட்டை இருந்தால் குமிழ் வரும். கறுப்பு நுரை மிதவை வயதானால் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போகும். அதைச் சரிசெய்ய முடியாது, புதுசுதான். மிதவை உயரத்தை அந்த மாடலின் கையேட்டு அளவுக்கு, பெட்ரோல் இல்லாமல் காய்ந்த நிலையிலேயே வையுங்கள். என்ஜின் ஓட ஓட கிண்ணத்தின் பக்கத் திருகைக் கழற்றிப் பெட்ரோல் எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்கும் கார் மெக்கானிக் முறையைப் படகில் செய்யவே கூடாது.

நீடிலில் சிக்கும் துகள் பெரும்பாலும் டேங்கிலிருந்தும் உட்புறம் உரியும் பழைய ஹோஸிலிருந்தும் வருகிறது. தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டரை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் அதே வேலை மறுபடி வரும்.

எல்லாம் மாட்டிய பின் கரையில் கட்டியபடி, மூடி திறந்து, புளோவர் ஓட, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறுத்துங்கள். ஷாஃப்ட்டின் இரு முனைகளையும் கேஸ்கெட் ஓரங்களையும் வெள்ளைத் திசுக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையவே கூடாது.

சூடாக இருக்கும்போது நிறுத்தினால் தொண்டைக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதுவும் நீடில்தானா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓட்டத்தில் தண்ணீரும் காற்றும் குளிரவைத்த கார்புரேட்டர், நிறுத்தியதும் கீழிருந்து ஏறும் சூட்டில் வேகத் தொடங்கும். கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து நாசிலில் பொங்கி விழும். நிறுத்திச் சில நிமிடம் கழித்துத் தொடங்கி, கிண்ணம் தணிந்ததும் தானே நின்றுபோனால் அது கொதிப்பு. சூட்டில் ஸ்டார்ட் ஆகச் சண்டை போடும், ஆறினால் ஒழுங்காகப் பிடிக்கும்.

நிற்காமல் மணிக்கணக்கில் சொட்டினால் டேங்கின் மட்டம் கார்புரேட்டரைவிட உயரமாக இருந்து, சைஃபன் வழியாகப் பெட்ரோல் தானாகவே வருகிறது என்று பொருள். இங்கே இரண்டு பழுது சேர்ந்திருக்கிறது: நீடில் மூடவில்லை, டேங்க் வாயில் இருக்க வேண்டிய சைஃபன் தடுப்பு வால்வு இல்லை அல்லது வேலை செய்யவில்லை. அந்தச் சிறு ஸ்பிரிங் பந்து வால்வு, ஹோஸ் அறுந்தாலும் டேங்க் முழுதும் பள்ளத்தில் கொட்டாமல் காப்பது. அது அடைபட்டு என்ஜின் வேகம் எடுக்கவில்லை என்றால் புதுசு போடுங்கள். பந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் முனையை மாட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. படகில் நாங்கள் முதலில் தேடும் குறைகளில் இது ஒன்று.

தொண்டைக்குள் நிறைய இறங்கிவிட்டால் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஓட்டாதீர்கள்; ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று நின்றுபோனால் சிலிண்டரில் திரவம் நிற்கலாம். மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றி, பேட்டரியைப் பிரித்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றி வெளியேற்றுங்கள்.

பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய கண்ணாடி போன்ற குழாய் எதற்கு? அதில் எதுவும் ஓடுவதில்லையே?

ஓடாமல் இருப்பதுதான் நல்ல செய்தி. மரைன் மெக்கானிக்கல் பம்பில் இரண்டு சவ்வுகள் உண்டு. முதல் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் இந்தக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும். குழாயில் பெட்ரோல் நிறம் தெரிந்தால் அன்றே பம்பை மாற்றுங்கள். குழாய் மஞ்சளித்து உள்ளே எதுவும் தெரியாவிட்டால் குழாயையும் மாற்றுங்கள். அதன் முனையைத் திறந்து பள்ளத்துக்குள் தொங்கவிட்டிருந்தால் உடனே மாட்டுங்கள்.

எலக்ட்ரிக் பம்ப் என்றால் என்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் மட்டுமே அது ஓட வேண்டும். சாவியை ‘ஆன்’ செய்த உடனேயே இடைவிடாமல் ஓடும்படி வயர் இழுத்திருப்பது தவறு. ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணைப்பது பழகிய முறை. பம்ப் என்ஜின் மேலோ அதிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும்.

ஃபிளேம் அரெஸ்டரைக் கழற்றினால் என்ஜின் நன்றாக மூச்சு விடுகிறது. கழற்றியே ஓட்டலாமா?

கூடாது. அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பொருத்தப்பட்ட, அவுட்போர்டு அல்லாத ஒவ்வொரு பெட்ரோல் படகு என்ஜினுக்கும் பேக்ஃபயர் தீயைத் தடுக்கும் சாதனம் கட்டாயம். கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வரும் தீ, அந்தச் சாதனத்தின் (ஃபிளேம் அரெஸ்டர்) உலோகத் தகடுகளின் இடுக்கில் நுழையும்போது சூட்டை இழந்து அணைந்துவிடுகிறது. கார் ஏர் ஃபில்டரின் காகிதம் அதைச் செய்யாது, காகிதமே எரியும்.

கழற்றினால்தான் மூச்சு விடுகிறது என்றால் அது எண்ணெய் படிந்து அடைத்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து முழுக்க உலர்த்தி மாட்டுங்கள். தகடு வளைந்து இடுக்கு அகன்றிருந்தால் புதுசு வாங்குங்கள். கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆவிக் குழாயும் அரெஸ்டரில்தான் சேர வேண்டும். அதைக் கழற்றி அறைக்குள் விட்டால் பெட்ரோல் கலந்த ஆவி அங்கேயே சுற்றும். ஸ்டார்ட் ஆகாத என்ஜினின் தொண்டையில் பெட்ரோல் ஊற்றிப் பிடிக்கவைக்கும் பழக்கத்தை மரைன் பக்கம் அடியோடு மறந்துவிடுங்கள்.

புளோவரை 4 நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். அது போதுமா?

ஆவியை வெளியேற்றப் போதும், கசிவை ஈடுகட்டப் போதாது. சுமார் 1 கன மீட்டருக்குக் குறைவான அறைக்கு நிமிடத்துக்கு 50 கன அடி என்று குறியிட்ட புளோவர் வேண்டும். குழாயோடு பொருத்திய பின் அளந்தால் 20 கன அடியாவது வெளியே போக வேண்டும் என்பது விதி. 20 கன அடி என்றால் 4 நிமிடத்தில் அந்த அறையின் காற்று இரண்டு தடவைக்கு மேல் மாறுகிறது. குழாய் நசுங்கியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ இந்தக் கணக்கு வெறும் கணக்குதான். சத்தம் கேட்கிறது என்று நம்பாமல், வெளி வாயில் கை வைத்துக் காற்று அடிக்கிறதா என்று பாருங்கள்.

உறிஞ்சும் வாய் அறையின் அடிப்பகுதி மூன்றில் ஒன்றுக்குள், தேங்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கிய வாய் ஆவியை இழுக்காது. புளோவர் ஓடி முடிந்த பின் குனிந்து மோந்து பாருங்கள். ஆவியைக் கண்டறியும் கருவி விலைக்குக் கிடைத்தாலும் மூக்கால் மோந்து பார்ப்பதை நிறுத்தாதீர்கள். மெதுவாக ஓட்டும்போதும் புளோவர் ஓடட்டும்.

பெட்ரோல் நிரப்பும்போதும் ஹோஸ்களிலும் கவனிக்க வேண்டியது?

நிரப்புமுன் ஆட்களை இறக்கி, அடுப்பை அணைத்து, எல்லா மூடிகளையும் சாத்துங்கள். டேங்கிலிருந்து வெளிவரும் ஆவி அறைக்குள் இறங்கக் கூடாது. நாசிலை நிரப்பு வாயோடு தொட்டபடியே பிடியுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் 5 சதவீதம் இடம் விடுங்கள். குளிர்ந்த நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த பெட்ரோல் வெயிலில் விரிந்து வென்ட் வழியாக வழியும். பிறகு மூடிகளைத் திறந்து, புளோவர், 4 நிமிடம், மோப்பம்.

என்ஜின் பக்க ஹோஸில் ‘ஏ1’ அல்லது ‘ஏ1-15’ என்ற குறி இருக்க வேண்டும். ‘ஏ’ என்றால் இரண்டரை நிமிடத் தீச் சோதனையைத் தாங்கியது. பழைய ஹோஸைச் சோதிக்க, சுத்தமான துணியால் அதன் மேல் அழுத்தித் துடைத்துத் துணியை மோந்து பாருங்கள். வாடை வந்தால் ஹோஸ் சுவரையே ஊடுருவிப் பெட்ரோல் வெளியே வருகிறது, மாற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்?

பெரும்பாலான கடல் என்ஜின்கள் 10 சதவீதம் வரை ஏற்கும். அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையைப் படகில் ஊற்றுவதே சட்டவிரோதம். இந்தியப் பெட்ரோல் பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதக் கலவை. கார்புரேட்டர் கலவையைத் தானே திருத்திக்கொள்ளாது. என்ஜின் பெட்ரோல் குறைவாக எரித்துச் சூடேறும். பழைய ரப்பர், பழைய நுரை மிதவை ஊறி வீங்கும். எத்தனால் தண்ணீரை இழுத்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். நீண்ட நாள் நிறுத்தப்போகும் படகில் இதை விட்டுவைக்காதீர்கள்.

அவுட்போர்டில் இந்தக் கவலையெல்லாம் உண்டா?

என்ஜின் திறந்த வெளியில் இருப்பதால் அபாயம் குறைவு, இல்லாமல் இல்லை. தனி டேங்க்தான் அங்கே தொல்லை. வெயிலில் கிடக்கும் மூடிய டேங்கில் அழுத்தம் ஏறி, ஹோஸ் மாட்டியிருந்தால் நீடிலைத் தள்ளிக்கொண்டு கார்புரேட்டரில் வழிந்து, என்ஜின் மூடிக்குள் பெட்ரோல் தேங்கும். திருகு வென்ட் உள்ள பழைய டேங்கில் ஓடும்போது வென்ட்டைத் திறந்து வையுங்கள், தூக்கிப் போகும்போது மூடுங்கள். 2011 முதல் அமெரிக்க விதிப்படி வரும் டேங்குகள் சுமார் 5 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பக்கம் உப்பி நிற்பது அதனால்தான். அவற்றைப் பழைய கார்புரேட்டர் என்ஜினோடு சேர்க்கும்போது இடையில் டிமாண்ட் வால்வு (என்ஜின் இழுக்கும்போது மட்டும் திறப்பது) போடுங்கள், நிறுத்தியதும் ஹோஸைக் கழற்றுங்கள். டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

தமிழ்நாட்டு, இலங்கைக் கரைகளில் பெட்ரோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் உண்டு. கரை வரும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கார்புரேட்டரைக் கழுவாமல் நிறுத்தினால் அடுத்த நாள் பிடிக்காது. மண்ணெண்ணெய் பற்றும் வெப்பநிலை சுமார் 38 டிகிரி என்பதால் அது ஓரளவு சாது. பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்ரோல் கேன் அப்படியல்ல. வலையின் மேலும் அடுப்பருகிலும் அதை வைக்காதீர்கள்.

தீ பிடித்தேவிட்டது. மூடியைத் திறந்து அணைக்கலாமா?

திறந்தால் காற்று பாய்ந்து தீ முகத்தில் அடிக்கும். என்ஜினை நிறுத்துங்கள், புளோவரை நிறுத்துங்கள், எட்டினால் டேங்க் வால்வை மூடுங்கள். லைஃப் ஜாக்கெட் போடச் சொல்லி ஆட்களைக் காற்று வரும் பக்கம் நகர்த்துங்கள். மூடியில் அணைப்பான் நுழைக்கும் சிறு துளை இருந்தால் அதன் வழியாக முழு அணைப்பானையும் காலி செய்யுங்கள். இல்லாத படகில் அப்படி ஒன்றை முன்கூட்டியே பொருத்திவைப்பது சின்ன வேலைதான். தானியங்கி அணைப்பான் வேலை செய்திருந்தால் குறைந்தது 15 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். சூடான இரும்பு ஆறுவதற்குள் காற்று புகுந்தால் அணைந்த தீ மறுபடி எழும்.